ஹாட் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் கல்யாணங்களைப் படம் பிடிப்பவர் என் கணவர். பிடித்ததைப் பார்க்கத்தக்கதாக ஆக்குவது நான். பருத்தித்துறையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. அங்கே கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, கண்ணை மூடினவர்கள், வாயைத் திறந்தவர்கள், பந்தியில் அப்பளமும் கையுமாக அகப்பட்டவர்கள், கமெராவுக்குக் குறுக்கே போன மாமாக்கள் எல்லோரையும் நீக்கிவிட்டு, மிச்சத்தில் அல்பமும் வீடியோவும் செய்வேன். பதினைந்து வருடமாக இதுதான் என் வேலை. இன்னாரின் மகள் கல்யாணப் படத்தில் நல்ல வடிவு என்று ஊரில் யாராவது சொன்னால், அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று நினைத்துக்கொள்வேன். அவர் கால்வாசிக்கு மேல் தர மாட்டார்.

துப்புரவு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையான ஆள். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். வீட்டில் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். கழுவிய கோப்பையை நான் திரும்பக் கழுவுவேன். கழுவாத முகத்தோடு ஒருவரையும் வெளியில் விடமாட்டேன் என்பது தொழிலிலும் என் சட்டம். அதாவது, நான் திருத்தி முடிக்காத படம் ஒன்றுகூட எங்கள் வீட்டைவிட்டுப் போகாது. கல்யாணம் முடிந்த மறுநாளே "ஒரு படமாவது போனிலை அனுப்புங்கோ" என்று கேட்டு வருபவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

இனி அந்தச் சின்ன ஹாட் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பழைய லப்டொப் ஒருநாள் நிரந்தரமாகக் கண்ணை மூடிக்கொண்டது. அதைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே அது கிடந்தது. ஒரு சவர்க்காரக் கட்டியின் அளவு. தடிப்பில் அதற்கும் குறைவு. உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்தால் ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் கூடு வாங்கிப் போட்டேன். பூனை மேசையிலிருந்து தள்ளிக் கூடு வெடித்துப்போனது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு கூடு இல்லாமல், வெறும் உலோகக் கட்டியாகவே ஒரு வயரில் கொழுவிப் பாவித்தேன். ஓடும்போது கையில் எடுத்தால் உள்ளே ஏதோ மெல்ல நடுங்கும். கோழிக்குஞ்சைப் பிடித்தது போல் இருக்கும். ஒரு ஊரின் கல்யாணங்கள் அத்தனையும் என் கைக்குள் கிடந்து நடுங்குகின்றன என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கும். வேலை இல்லாத நேரத்திலும் சும்மா கொழுவிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இதை அவரிடம் சொன்னதில்லை.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு பிரதி. ஒன்று கொம்பியூட்டரில், அதில்தான் வெட்டுவதும் ஒட்டுவதும். மற்றது சின்ன டிஸ்க்கில், எடுத்தது எடுத்தபடி, நான் கை வைக்காதது. இரண்டிலும் ஏற்றியதும் அவர் கமெராக் கார்டை வெறுமையாக்கி அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டு போய்விடுவார்.

போன வருடம் ஆவணியில் எங்களுக்கு ஏழு கல்யாணம். அதில் ஐந்தாவது, எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியுடையது. நெடுநெடுவென்று உயரமான பிள்ளை. அப்பா, அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மாப்பிள்ளை சுவிஸில். இரண்டு வருடம் போனிலேயே கதைத்துப் பழகி, அவருக்குக் கிடைத்த பத்து நாள் லீவில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் என் கணவர் வழமைபோல மைக்கை வாங்கி, "தயவுசெய்து ஒருத்தரும் போனைத் தூக்கி மறைக்க வேண்டாம், படமெல்லாம் எங்களிட்டைக் கிடைக்கும்" என்று அறிவித்தார். அவருக்கு மைக் கையில் வந்தால் ஒரு மிடுக்கு வரும். சனமும் போன்களை மடியில் வைத்துவிட்டது. பத்தாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார்.

நான் கொம்பியூட்டரில் அந்தக் கல்யாணத்தை ஒருதரம் ஓடவிட்டு முதல் சுற்றுக் களை பிடுங்கினேன். அதில் எனக்கு நல்லாய் நினைவிருக்கும் ஒரு படம் உண்டு. அம்மி மிதிக்கிற நேரம். மாப்பிள்ளை குனிந்து பொம்பிளையின் காலைப் பிடித்து மெட்டி போடுகிறார். பொம்பிளை தலையைப் பின்னால் எறிந்து, கண் இரண்டும் மூடி, கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்கிறாள். தலையில் வைத்த நகை ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. ஐயர் திரும்பிப் பார்க்கிறார்.

"இதென்ன படம்? பொம்பிளை குனிஞ்ச தலை நிமிராமல் நிக்க வேண்டிய நேரம். பல்லு முழுக்கத் தெரியுது" என்றேன்.

"நல்ல படம். விடும்" என்றார் அவர்.

"என்னத்துக்குச் சிரிச்சவ?"

"ஆருக்குத் தெரியும்? மேளச் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஒன்றிரண்டு தரம் படம் கேட்டு வந்தாள். "உங்கடை முறை ஐப்பசியிலை, பொறுங்கோ பிள்ளை" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

நவராத்திரி வந்தது. முதல் ஏழு நாளும் வீடு கழுவப்பட்டது. கதவு, யன்னல், மின்விசிறியின் இறக்கை, கேற்றின் கம்பி. எட்டாம் நாள் கழுவ ஒன்றும் மிச்சமில்லாமல் கொம்பியூட்டருக்கு வந்தேன். இடமில்லை, இடமில்லை என்று அது ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தது. அல்பம் தொடங்காத கல்யாணங்கள் சின்ன டிஸ்க்கில் இருக்கின்றனதானே, வேலை தொடங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிள்ளையின் கல்யாணத்தை முழுதாக நீக்கினேன். நீக்கியவை போய் விழும் கூடையையும் வெறுமையாக்கினேன். குப்பையை வீட்டுக்குள் வைத்திருக்கிற ஆள் நானில்லை. அந்த இடத்தில், இடமில்லாமல் கார்டிலேயே காத்திருந்த கடைசி இரண்டு கல்யாணங்களையும் ஏற்றிவிட்டு, நல்ல காரியம் செய்தேன் என்று கை கழுவினேன்.

அடுத்த நாள் சரஸ்வதி பூசை. காலையிலேயே அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். சத்தத்தில் போன் தேவைப்பட்டிருக்காது.

"அக்கா! எம்பசியிலை இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிட்டினம்! ஆறேழு மாதம் செல்லும் எண்டவை, இப்ப வெள்ளிக்கிழமை வரட்டாம்! கலியாணப் படங்கள் கட்டாயம் கொண்டுவரச் சொல்லிக் கிடக்கு."

வெள்ளிக்கு இடையில் இரண்டே நாள். நாளைக்கு விஜயதசமி, ஏடு தொடக்குகிற நாள், நல்ல நாள், காலையில் வந்தால் இருந்து தெரிந்தெடுக்கலாம், அன்றைக்கே பிரதி அடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். கழுவாத முகத்தோடு படம் வெளியே போகப்போகிறதே என்று மட்டும் கொஞ்சம் மனம் அரித்தது.

பின்னேரம் கும்பம் வைத்து, பிள்ளைகளின் புத்தகங்கள், அவருடைய கமெரா, என் கத்தரிக்கோல், சின்ன டிஸ்க் எல்லாம் வரிசையாக அடுக்கினேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தேன்.

"கமெராக் கண்ணாடியிலை வைச்சுக் கிச்சுப் போடாதையும்" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாதே? பதினைஞ்சு வரியமா உதிலைதான் கிடக்கிறன்" என்று சொல்லி, கமெராவின் வாரில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். அந்த அளவுக்கு நான் கவனமான ஆள்.

பிறகு சின்ன டிஸ்க். வருடம் முழுவதும் எங்களுக்குச் சோறு போடுவது அதுதான் என்று அதற்கு விசேஷமாகச் செய்ய நினைத்தேன். கல்யாணக் கார்டுக்கு மஞ்சள் தடவுவது போல நாலு மூலைக்கும் சந்தனம் தடவினேன். நெற்றி எங்கே என்று தேடினேன். மேற்பக்கத்தில் ஊசிமுனை போல ஒரு துளை. அதைச் சுற்றி ஒரு வட்டமும் கீறி வைத்திருந்தார்கள். பொட்டு வைக்க இடம் அடையாளம் செய்து தந்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, வட்டம் நிறையச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். பக்கத்தில் எறும்பு போல ஏதோ எழுத்து இருந்தது. என் மூக்குக்கண்ணாடி குசினி அடுப்படியில் இருந்தது.

விஜயதசமி காலை, தலைமுழுகிய ஈரத்தோடு அந்தப் பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கினாள். அவளுக்கு அவலும் அவித்த கௌபிப் பயறும் வைத்துக் கொடுத்துவிட்டு, கும்பத்தடியில் கும்பிட்டு, டிஸ்க்கை எடுத்து வயரில் கொழுவினேன்.

கொம்பியூட்டர் பேசாமல் இருந்தது. கழற்றிக் கொழுவினேன். வயரை மாற்றினேன். டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. இரும்புத்துண்டு போலக் கிடந்தது.

"என்னக்கா?" என்றாள் அவள், வாயில் அவலோடு.

"ஒண்டுமில்லை. கொஞ்சம் சோம்பல் படுகுது" என்றேன். குசினிக்குள் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். "கார்டை உடனை உடனை அழிச்சுப்போடுவியள், என்ன அவசரம் உங்களுக்கு? வைச்சிருந்தால் கார்ட் என்ன சோறு கேக்குதே?"

"கொம்பியூட்டரிலையும் கிடக்குத்தானே. ஏன் கத்துறீர்?"

நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பைத் திரும்பவும் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு பளபளக்கும் அடுப்பைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கு இது போதும்.

"அதையும் கழுவிப் போட்டீர்" என்றார்.

மானிப்பாயில் ஹாட் டிஸ்க் திருத்துகிற ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. போன் எடுத்தால், கடை திறந்துதான் இருக்கிறது, கொண்டுவாருங்கோ என்று பதில் வந்தது. பிள்ளையிடம், டிஸ்க் வேலை செய்யவில்லை, திருத்தக் கொண்டுபோகிறோம் என்று சொன்னேன். நானும் வாறன் என்று சைக்கிளை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டு எங்களோடு பஸ் ஏறினாள்.

கோயிலுக்குப் போகிற சனத்தோடு பஸ் நிறைந்திருந்தது. டிஸ்க்கைச் சுத்தமான கைலேஞ்சித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளை பக்கத்தில் இருந்து ஜேர்மன் பாடம் சொன்னாள். ஒன்று முதல் நூறு வரை எண்ணினாள், கிழமை நாட்களைச் சொன்னாள், எனக்குத் தலைவலிக்கிறது என்பதற்கும் ஜேர்மன் சொன்னாள். முன்சீற்றில் இருந்த அம்மா திரும்பி, "பிள்ளை என்ன மந்திரம் சொல்லுது?" என்று கேட்டார். அவளும் விட்டுக்கொடுக்காமல், "சுவிஸ்காரரின்ரை மந்திரம் அம்மா" என்றாள். அச்சுவேலி தாண்டும் வரை எங்கள் பஸ்ஸில் நாலைந்து பேர் ஜேர்மனில் பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி மானிப்பாய் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, படம் வராட்டி என்ன செய்யிறது?"

"சொந்தக்காரர் ஆரும் போனிலை எடுத்திருப்பினம்தானே?"

"அண்ணை மைக்கிலை சொன்ன பிறகு ஆர் எடுத்தது? சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ரெண்டு மூண்டு கிடக்கு. அதிலை அவர் இல்லை, நானும் ஐஸ்கிரீமும்தான்." பிறகு சிரிக்காமல் சொன்னாள். "தெரிஞ்ச பிள்ளை ஒண்டுக்குப் படம் காணாது எண்டு வீசா ரெண்டு வரியம் இழுபட்டது. நாங்கள் ரெண்டு வரியம் போனிலை இருந்தனாங்கள், அக்கா. பத்து நாள்தான் அவர் மனுசனா எனக்குப் பக்கத்திலை இருந்தவர். திருப்பியும் போனுக்குள்ளை போக என்னாலை ஏலாது."

என் கணவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பஸ் வருகிற திசை அதுவல்ல. நான் லேஞ்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டேன்.

திருத்துகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, மீசை பெரிய மனிதர். அவர் கடையிலும் முதல்நாள் பூசை நடந்திருந்தது. மேசை விளிம்பில் பொட்டு, கதவு நிலையில் பொட்டு, சுவரில் பொட்டு. திருத்துகிற சாமான் ஒன்றிலும் பொட்டு இல்லை. அதை நான் உள்ளே வந்தவுடனேயே கவனித்தேன். ஏனென்று அப்போது விளங்கவில்லை.

"விஜயதசமிக்கு முதல் வேலை. நல்லா வரும், பயப்பிடாதேங்கோ" என்று லேஞ்சியை விரித்தார். விரித்தவர் டிஸ்க்கைப் பார்த்தார். மீசை ஆடத் தொடங்கியது. பெரிய பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து, சத்தம் வராமல் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"ஆர் வைச்சது?"

என் கணவர் முகட்டைப் பார்த்தார். அந்தக் கடைக்கு நல்ல முகடு.

"நான்தான். ஏன், சாமிக்கு முன்னாலை வைக்கிறதுக்குப் பொட்டு வைக்கக் கூடாதே?" என்றேன். பிழை என்று தெரிந்தால் என் குரல் கூடும்.

"பொட்டு வையுங்கோ, தங்கச்சி. மூக்குக்குள்ளை வைக்காதேங்கோ." பூதக்கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். எறும்பு எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. "என்ன போட்டிருக்கு, பாருங்கோ. இந்த ஓட்டையை மூடாதே எண்டு. உவை கவனமா இருக்கச் சொல்லி வட்டம் கீறி எழுதினது. நீங்கள் அளவெடுத்து வைச்ச மாதிரி அதிலையே வைச்சிருக்கிறியள்."

அவர் விளக்கினார். உள்ளே ஒரு தட்டு சுற்றும், நிமிடத்துக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல். அதன் மேலே ஒரு முள் தொடாமல் மிதக்கும். இடையில் இருப்பது காற்று மட்டும், தலைமயிரைவிடக் குறைந்த இடைவெளி. சூடேறினால் காற்று வெளியே போக வேண்டும், ஆறினால் உள்ளே வர வேண்டும், அதற்குத்தான் அந்தத் துளை.

"அப்ப செத்துப்போச்சே?" என்றாள் பிள்ளை.

"மூச்சடைச்சதாலை உடனை சாகாது. இது ஓடவே தொடங்கேல்லை எண்டால் வேறை காரணம்." டிஸ்க்கின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இஞ்சை. வயர் கொழுவுற பல்லுக்குள்ளையும் சந்தனம் இறுகிக் கிடக்கு. மூலைக்கும் வைச்சனீங்களோ?"

"நாலு மூலைக்கும்" என்றார் என் கணவர் முகட்டைப் பார்த்தபடி. அவ்வளவு நேரம் பேசாதிருந்தவருக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

இதற்கு மேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். கொம்பியூட்டரில் இருந்ததை நான்தான் அழித்தேன், கூடையையும் வெறுமையாக்கினேன், இது ஒன்றுதான் மிச்சம், அதற்கும் நான்தான் சந்தனம் பூசினேன், வெட்கமாக இருக்கிறது பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கோ என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். டிஸ்க்கைப் பார்த்தாள். அதன் நாலு மூலையையும், நடுவில் குங்குமத்தோடு இருந்த பெரிய பொட்டையும் பார்த்தாள். பயத்தில் ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள், அடக்க முடியாமல் தலையைப் பின்னால் எறிந்து, கண் மூடி, கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தாள்.

"அக்கா, உது கலியாணத்திலை நான் வெளிக்கிட்டதை விட வடிவா வெளிக்கிட்டுக் கிடக்கு!"

அந்தச் சிரிப்பை நான் பார்த்திருந்தேன். பார்த்து அழித்திருந்தேன்.

திருத்துகிறவர் வேலையைத் தொடங்கினார். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் பொடி உள்ளே போகும் என்று, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அதையும் பிழிந்து, பொட்டை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தார். துளைக்கு உள்ளே சின்ன வடி ஒன்று இருக்கும், அது தூசியைத் தடுத்திருக்கும் என்றார். பிறகு பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கடைசியில் பஞ்சை மணந்து பார்த்து, "நல்ல சந்தனம்" என்றார். அரைமணித்தியாலம் காய வேண்டும் என்று மின்விசிறிக்கு நேரே வைத்துவிட்டார்.

அந்த அரைமணித்தியாலத்தில் எங்களுக்குப் பராக்குக் காட்ட மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். உள்ளே பழைய சின்ன டிஸ்க்குகள். அதில் ஒன்று தீப்பெட்டியைவிடச் சின்னது. முந்தி பாட்டுக் கேட்கிற கருவிகளில் இருந்ததாம். மூடி கழன்ற அதனுள் காசுக் குற்றி அளவில் ஒரு தட்டு, முகம் தெரியும் மினுக்கம்.

"இதுக்குள்ளை ஆயிரம் பாட்டு இருந்தது" என்றார்.

எனக்கு அதைக் கையால் தொடாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு துப்புரவான ஒரு பொருளை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. நான் இத்தனை நாளும் கையில் பிடித்து நடுக்கம் பார்த்ததன் உள்ளே இப்படி ஒரு கண்ணாடி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளை அதை வாங்கி, தட்டில் முகம் பார்த்து, வியர்வையில் கலைந்திருந்த தன் பொட்டைச் சரிசெய்தாள். "அது சரியான இடம்" என்றார் திருத்துகிறவர்.

பிறகு அவர் எங்கள் டிஸ்க்கைக் கொழுவினார். எனக்குப் பொறுக்கவில்லை. கேட்காமலே விரலை நீட்டி அதன் முதுகில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ புரண்டது. பிறகு அந்த மெல்லிய நடுக்கம்.

"ஓடுது!" என்று கத்தினேன். திரையில் தெரிவதற்கு முன்னமே கத்திவிட்டேன். பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தாள். என் கணவர் திருத்துகிறவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். வெளியே சைக்கிளில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"துள்ளிறதைப் பேந்து துள்ளுங்கோ, முதல் பிரதி எடுக்கவேணும்" என்றார் திருத்துகிறவர். எடுத்தோம். மூன்று.

படங்களைத் தெரிந்தெடுக்க இருந்தோம். நான் என் பழைய ஆளாகிவிட்டேன். எம்பசிக்குப் போகிற படம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று, தாலி கட்டுவது, மாலை மாற்றுவது, கையெழுத்து வைப்பது, இரு வீட்டாரும் வரிசையாக நிற்பது என்று எடுத்து வைத்தேன். ஒன்றிலும் பல் இல்லை. பிள்ளை தலையாட்டிக்கொண்டே வந்தாள். அம்மிப் படம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"இது வேணும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ பிள்ளை. கண் மூடிக் கிடக்கு, நகை சரிஞ்சு கிடக்கு, ஐயர் முறைக்கிறார். இதைப் பாத்தால் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும். அக்கா, இதை எனக்குப் பெரிசா அடிச்சுத் தாங்கோ."

"நான் அப்பவே சொன்னனான், நல்ல படம் எண்டு" என்றார் என் கணவர். அவரைப் பார்த்த பார்வையில் அவர் மீண்டும் முகட்டுக்குப் போனார். ஆனால் அன்றைக்கு மறுக்கிற உரிமை எனக்கு இல்லை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் அடித்து, அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து, உறைக்குள் அடியில் வைத்துக் கொடுத்தேன். அடியில் இருந்தால் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கொழும்பிலிருந்து போன் வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"அக்கா, கேட்டவ ஒரு வெள்ளைக்கார அம்மா. சிரிப்பே இல்லை. நீங்கள் எடுத்து வைச்ச படமெல்லாத்தையும் சீட்டுக் கட்டு மாதிரித் தட்டித் தட்டிப் போட்டவ. கடைசியா அந்தப் படம் வந்தது. நிண்டிட்டா. ஏன் சிரிக்கிறாய் எண்டு கேட்டவ."

"அப்ப?"

"நான் உள்ளதைச் சொன்னன்."

"உள்ளது என்ன? எனக்கும் தெரியாதே!"

மறுமுனையில் அந்தச் சிரிப்பு தொடங்கியது. நான் சோற்றுப் பானையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவர் மெட்டி போடக் குனிஞ்சவர் அக்கா. என்ரை காலைப் பிடிச்சுப் பாத்திட்டு, ஆருக்கும் கேக்காமல், 'ரெண்டு வரியமா வீடியோவிலை கதைச்சனான், உம்மடை கால் இவ்வளவு பெரிசு எண்டு ஒருநாளும் காட்டேல்லையே' எண்டு கேட்டவர்."

மொழிபெயர்த்தவர் பாதியில் சிரித்துவிட்டாராம். அந்த அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசைக்கு மேலால் எட்டி அவளுடைய காலைப் பார்த்தாராம். இவளும் செருப்போடு காலைத் தூக்கிக் காட்டினாளாம். அதன்பிறகு ஒரேயொரு கேள்விதான். மாப்பிள்ளையின் கால் என்ன அளவு என்று கேட்டார்களாம். அவள் சட்டென்று சொல்லிவிட்டாள்.

மார்கழியில் வீசா வந்தது. தையில் போய்ச் சேர்ந்தாள். போகுமுன் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். நான் கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவாமல் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் கவனித்தார்.

இந்த வருடமும் சரஸ்வதி பூசை வந்தது. சின்ன டிஸ்க்கை ஒரு வெற்றிலையின் மேல் வைத்து, வெற்றிலைக்குப் பொட்டு வைத்தேன். தீபம் காட்டி முடிந்த நேரம் போன் மணி அடித்தது. சுவிஸிலிருந்து ஒரு படம். அவள் எடுத்தது, கோணலாக இருந்தது. பாதியில் விரல் மறைத்திருந்தது. வெளிச்சமும் போதாது. அவர்கள் வீட்டு வாசலில் பனிக்குப் போடுகிற சப்பாத்து இரண்டு சோடி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. கீழே எழுதியிருந்தாள்: "பெரிய சோடி என்ரை."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். விரலை வெட்டவில்லை, வெளிச்சம் கூட்டவில்லை. அடுத்த நாள் விஜயதசமி, ஏடு தொடக்குகிற நேரம் வந்ததும், டிஸ்க்கைக் கொழுவி, அந்த நடுக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் வேலையாக அந்தப் படத்தைத்தான் ஏற்றினேன். எடுத்தது எடுத்தபடி. இரண்டு பிரதி எடுத்து முடித்துவிட்டு, இன்னொன்றும் எடுத்து வைத்தேன்.